பின்வரிசைக்காரர்களின் 90 கிலோமீட்டர்

மார்ச் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் உள்ள மூரா என்ற சிற்றூரில் வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் பந்தயத்தின் வெற்றியாளர் கழுத்தில் மாலை விழுந்திருக்கும். காலை 8 மணிக்கு சேலன் என்ற இடத்தில் புறப்பட்டவர் 90 கிலோமீட்டர் பனிப்பாதையை நான்கு மணி நேரத்துக்குள் கடந்து வந்துவிட்டார். அவரோடு புறப்பட்ட பதினைந்தாயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் அப்போது காட்டுக்குள்தான் இருப்பார்கள். ரிஸ்பெர்க் என்ற சிறு கிராமத்தருகே, 35ஆவது கிலோமீட்டரில், ஒருவர் மூச்சிரைக்க நின்று காகிதக் கோப்பையில் சூடாக ஏதோ குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இன்னும் 55 கிலோமீட்டர் இருக்கிறது. சூரியன் மறைந்தபிறகுதான் அவர் மூராவைப் பார்ப்பார்.

இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது. முதலில் வருபவரின் உடலை அறிவியல் நெடுங்காலமாக அளந்து வந்திருக்கிறது. அது நியாயமும்கூட. ஆனால் பத்து மணி நேரம் பனியில் தள்ளாடி வந்து சேரும் சாதாரண மனிதரின் உடலில் நடப்பது அதைவிட வியப்பானது என்பது என் எண்ணம். மருத்துவத்துக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

பந்தயத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1520இல் ஸ்டாக்ஹோமில் டென்மார்க் அரசன் நடத்திய படுகொலைக்குப் பின், குஸ்தாவ் எரிக்சன் என்ற இளம் பிரபு டாலர்னாவுக்குத் தப்பி வந்து, அரசனுக்கு எதிராக எழும்படி மூரா மக்களிடம் வேண்டினான். அவர்கள் தயங்கினார்கள். அவன் நார்வே எல்லையை நோக்கிப் புறப்பட்டுவிட்டான். பிறகு மனம் மாறிய ஊரார், பனிச்சறுக்கில் தேர்ந்த இருவரை அனுப்பி சேலன் அருகே அவனைப் பிடித்துத் திரும்ப அழைத்து வந்ததாக மரபு சொல்கிறது. 1523இல் அவன் ஸ்வீடனின் அரசன் ஆனான். அதை நினைவுகூரும் பந்தயம் ஒன்று வேண்டும் என்று ஆந்தர்ஸ் பேர்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் 1922 பிப்ரவரியில் எழுதினார். அடுத்த மாதமே, மார்ச் 19ஆம் தேதி, 119 பேர் புறப்பட்டார்கள். 22 வயது ஏர்ன்ஸ்ட் ஆல்ம் 7 மணி 32 நிமிடம் 49 விநாடியில் முதலாவதாக வந்தார். 2021இல் நார்வேயின் தூர் ஆஸ்லே யெர்தாலன் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 28 நிமிடம் 18 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 26 கிலோமீட்டர். சைக்கிளை நன்றாக மிதித்துப் போகும் வேகம்.

நூறு ஆண்டில் மனித உடல் அவ்வளவு மாறிவிடவில்லை. பாதி விடை காலுக்கு அடியில் இருக்கிறது.

பனி ஏன் வழுக்குகிறது? பள்ளிப் புத்தகங்களில் பலகாலம் இருந்த விடை: நம் எடையின் அழுத்தத்தில் பனிக்கட்டி உருகி நீராகிறது, அந்த நீரில் நாம் வழுக்குகிறோம். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சறுக்குப் பலகை ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், நாலரை சென்டிமீட்டர் அகலம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு பலகைகளில் நின்றால், பனியின்மேல் விழும் அழுத்தம் காற்று மண்டலம் நம்மேல் செலுத்தும் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க அத்தகைய காற்றழுத்தம் 130 மடங்குக்கு மேல் வேண்டும். பனித்துகள்களின் முனைகளில் மட்டும்தான் பலகை படுகிறது, அங்கே அழுத்தம் பன்மடங்கு கூடும் என்பது உண்மைதான். அப்படிப் பார்த்தாலும் மைனஸ் 10 டிகிரியில் கணக்கு உதைக்கிறது.

1930களின் இறுதியில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌடன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலை ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தார்கள். உராய்வின் வெப்பமே பனியை உருக்குகிறது என்பது அவர்கள் முடிவு. பலகை தன் பாதைக்கான எண்ணெயைத் தானே வடித்துக்கொள்கிறது. மணிக்கு 9 கிலோமீட்டரில் போகும் நம் பின்வரிசைக்காரரின் பலகைகளுக்கு அடியில் பிறக்கும் வெப்பம் சுமார் 75 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அந்தச் சிறு வெப்பம் பனித்துகள்களின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. இதற்கும் முன்பே, 1850இல், மைக்கேல் ஃபாரடே வேறொன்றைக் கவனித்திருந்தார். இரண்டு பனிக்கட்டிகளைச் சும்மா ஒட்டவைத்தாலே அவை ஒன்றாகிவிடுகின்றன; ஆகவே உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பு முழுத் திடமாக இல்லை என்றார். மேற்பரப்பில் உள்ள நீர் மூலக்கூறுகளுக்குப் பிடித்துக்கொள்ள மேலே அண்டை அயலார் இல்லை. அதனால் அவை தளர்ந்து புரள்கின்றன. ஃபாரடே சொன்னதும் உராய்வு வெப்பமும் சேர்ந்துதான் இன்றைய விளக்கம்.

எனவே பனியின் குணம் குளிருக்கேற்ப மாறுகிறது. கடுங்குளிரில் படலம் உருவாவதில்லை. அண்டார்டிகாவில் ஸ்லெட்ஜ் இழுத்தவர்கள், பனி மணலைப்போல இழுக்கிறது என்று நொந்துகொண்டது இதனால்தான். பூஜ்யத்தை நெருங்கினால் நீர் மிகுந்து பலகையை உறிஞ்சிப் பிடிக்கிறது. இவற்றுக்கு இடையில், மைனஸ் மூன்று நான்கு டிகிரி வாக்கில், பனி மிக இணக்கமாக இருக்கும்.

இந்த இணக்கத்தின் விலை என்ன? நல்ல பனியில், நன்றாக மெழுகிட்ட பலகையின் உராய்வுக் கெழு 0.04 என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ மனிதர் 90 கிலோமீட்டர் போக, உராய்வை வெல்ல மட்டும் அவர் உடல் எரிக்கவேண்டியது ஏறத்தாழ 3,200 கலோரி. இங்கு கலோரி என்பது உணவுப் பொட்டலத்தில் அச்சிடும் கிலோகலோரி. தசையின் செயல்திறன் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்ட தோராயக் கணக்கு இது. கெழு 0.06 ஆகிவிட்டால் தேவை 4,700ஐத் தாண்டும். மெழுகு சரியில்லாததால் 1,500 கலோரி காற்றில் போகிறது. இந்த எண்ணை மறக்கவேண்டாம்; கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மெழுகில் ஒரு முரண்பாடு இருக்கிறது. பலகை வழுக்கவும் வேண்டும், மேட்டில் ஏறும்போது பிடிக்கவும் வேண்டும். வடதேசத்தார் இதற்குக் கண்ட வழி அழகானது. பலகை வில்லைப்போல் நடுவில் லேசாக மேலே வளைந்திருக்கும். இரு காலிலும் எடையைப் பகிர்ந்து நின்றால் நடுப்பகுதி பனியைத் தொடாது; முனைகளில் பூசிய வழுக்கு மெழுகு மட்டும் வேலை செய்யும். ஒரே காலில் உந்தினால் வில் தட்டையாகி, நடுவில் பூசிய பிடிப்பு மெழுகு பனியில் பதியும். பனித்துகள்களின் கூர்முனை அந்த மெழுகுக்குள் குத்தி நிற்கும் கணத்தில் உந்தித் தள்ளவேண்டும். அந்த மெழுகு அன்றைய பனிக்குத் தேவையானதை விட மென்மையாக இருந்தால் துகள்கள் வெளியே வராமல் பலகைக்கடியில் பனி அப்பிக்கொள்ளும். கடினமாக இருந்தால் பிடிக்காது, கால் பின்னால் வழுக்கும்.

முன்வரிசை வீரர்களில் பலர் இப்போது பிடிப்பு மெழுகையே விட்டுவிட்டார்கள். இரு கைகளின் ஊன்றுகோல்களையும் ஒருசேரக் குத்தி, வயிற்றுத் தசையை மடக்கி, 90 கிலோமீட்டரையும் கையாலேயே தள்ளிப் போகிறார்கள். அதற்கு வேண்டிய தோள் வலிமை பின்வரிசைக்காரருக்குக் கிடையாது. கைத்தசைகள் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை எடுப்பதில் கால்களை விடச் சற்றுக் குறைவான திறமை உள்ளவை. அவர் காலையும் கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது அறியாமையால் அல்ல. உடலின் பெரிய தசைகளிடம் பெரிய வேலையைக் கொடுக்கிறார்.

மெழுகின் கதையில் ஒரு கசப்பும் உண்டு. 1980களிலிருந்து ஃபுளோரின் கலந்த மெழுகுகள் வந்தன. ஈரப்பனியில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் அந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதைவதேயில்லை. மூடிய அறைகளில் சூடான இரும்பால் மெழுகை உருக்கித் தேய்க்கும் தொழிலாளர்களின் இரத்தத்தில் அவை பொதுமக்களைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாக இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் 2023–24 பருவம் முதல் அவற்றை முழுவதுமாகத் தடை செய்தது. சில விநாடி வேகத்துக்காகப் பிறருடைய இரத்தத்தில் நஞ்சு சேர்வதை எவ்வளவோ முன்பே நிறுத்தியிருக்கவேண்டும்.

பாதைக்குத் திரும்புவோம். சேலனில் புறப்பட்டதும் மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அகன்ற வெளியில் இணையாகப் போடப்பட்ட பல பத்துத் தடங்கள் அங்கே குறுகுகின்றன. ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச, ஊன்றுகோல் ஒடிய, அங்குலம் அங்குலமாக ஏறுவார்கள். ஆடைக்குள் வேர்வை ஊறுவது இங்கேதான். சறுக்கும் மனிதர் சிறு அடுப்பு மாதிரி. அவர் எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகிறது. அது அரை கிலோவாட்டுக்கு மேல். மைனஸ் 10 டிகிரியில் மெல்லிய ஆடையோடு போக முடிவது அதனால்தான். ஆனால் மேடு முடிந்து இறக்கம் வந்ததும் தசைகள் ஓய்கின்றன, அடுப்பு தணிகிறது, எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டரில் வீசுகிறது. அந்தக் காற்றில் மைனஸ் 10 தோலுக்கு மைனஸ் 20ஆகத் தெரியும், அதுவும் நனைந்த ஆடையில். முன்னால் போனவர் இந்தக் குளிரில் நான்கு மணி நேரம்தான் இருந்தார். பின்வரிசைக்காரர் இதைப் பத்து மணி நேரம் தாங்கவேண்டும், அதிலும் மாலையில், உடலின் தீ மங்கிய நேரத்தில்.

அந்தத் தீக்கு விறகு எது? இங்கே ஸ்வீடனின் ஆய்வகங்களுக்குள் போகவேண்டும். ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் என்ற மருத்துவர் 1960களின் தொடக்கத்தில், உயிருள்ள மனிதரின் தசையிலிருந்து ஒரு துணுக்கை ஊசியால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதற்குமுன் உழைக்கும் தசைக்குள் என்ன நடக்கிறது என்பதை மூச்சுக்காற்றையும் இரத்தத்தையும் வைத்து ஊகிக்கத்தான் முடிந்தது. 1966இல் அவரும் எரிக் ஹுல்ட்மனும் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு காலால் மட்டும், தளர்ந்துபோகும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு சாப்பிட்டார்கள். தங்கள் இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்குகளை எடுத்து அளந்தபோது, உழைத்த காலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை, சும்மா இருந்த காலை விட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. உண்ட உணவு ஒன்று, ஓடிய இரத்தம் ஒன்று. ஆனால் காலியான களஞ்சியம்தான் தன்னை மிகுதியாக நிரப்பிக்கொண்டது. தங்கள் உடலையே ஆய்வுப்பொருளாக்கி இரண்டே பேர் செய்த அந்தச் சோதனையின்மேல் எனக்குத் தீராத மதிப்பு உண்டு.

அடுத்த ஆண்டு, பெங்ட் சல்டின் முதலானோருடன் சேர்ந்து செய்த ஆய்வு இதைக் கடிகாரத்தில் காட்டியது. ஒரே ஆட்களை ஒரே கடுமையில் மிதிக்கவைத்தார்கள். கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபின் சுமார் ஒரு மணி நேரம் தாங்கினார்கள். வழக்கமான உணவுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மாவுச்சத்து உணவுக்குப் பின் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இன்று உலகெங்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கு முந்திய இரவு மக்கள் சோறும் பாஸ்தாவும் வயிறு நிறையச் சாப்பிடும் வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இப்போது நம் மனிதரின் கணக்கைப் பார்ப்போம். தசையிலும் கல்லீரலிலும் அவர் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் சுமார் 2,000 கலோரி. உடற்கொழுப்பு பத்து கிலோ இருந்தாலே அதில் 90,000 கலோரி. கொழுப்பு எரிந்தால் மூராவுக்கும் சேலனுக்கும் பலமுறை போய் வரலாம். ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. மிதமான பயிற்சி உள்ளவர் உடல் நிமிடத்துக்கு அரை கிராம் கொழுப்பை எரிப்பதாகக் கொண்டால், மணிக்கு 270 கலோரி. அவருக்குத் தேவை மணிக்கு 600. மீதி 330 சர்க்கரையிலிருந்து வரவேண்டும். ஒன்றும் சாப்பிடாமல் போனால் களஞ்சியம் ஆறு மணி நேரத்தில் தீரும். அப்போது அவர் எவர்ட்ஸ்பெர்க்கைத் தாண்டியிருப்பார், அதாவது 47ஆவது கிலோமீட்டரைக் கடந்து சற்றுத் தூரம். கால் ஈயம்போல் கனக்கும். சர்க்கரைக்கு ஏங்கும் மூளை தலையைச் சுற்றவைக்கும், சம்பந்தமில்லாமல் அழுகை வரும்.

இங்கேதான் ரிஸ்பெர்க்கில் அவர் கையில் இருந்த கோப்பை வருகிறது. அதில் இருப்பது புளோபேர்சொப்பா: காட்டு நீலப்பெர்ரியைச் சர்க்கரையும் மாவுப்பொருளும் சேர்த்துக் கஞ்சிப் பதத்தில் காய்ச்சிய சூடான பானம். குடித்தவர் உதடும் தாடியும் ஊதாவாகும். குடல் ஒரு மணி நேரத்தில் குளுக்கோஸை ஏறத்தாழ 60 கிராம்தான் உள்ளே விடும், ஏனெனில் அதைக் கடத்தும் புரதங்கள் அதற்குமேல் நிரம்பிவிடுகின்றன. ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருப்பதால், இரண்டும் கலந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 60 கிராம் என்றால் 240 கலோரி. 270ஐயும் 240ஐயும் கூட்டினால் 510. களஞ்சியத்திலிருந்து மணிக்கு 90 எடுத்தால் போதும். பத்து மணி நேரத்துக்கு 900. பாதிக்கு மேல் மிச்சம் வைத்துக்கொண்டு ஊர் சேரலாம். இப்போது மெழுகின் 1,500 கலோரியை நினைவுகூருங்கள். பலகை சரியில்லாதவருக்கு, மிச்சம் என்று நினைத்ததை விட அதிகமாகவே காணாமல் போயிருக்கும்.

முன்னால் போகும் வீரர் இந்த நிதானக் கணக்கில் வாழ்வதில்லை. அவர் பெரும்பாலும் சர்க்கரையை எரித்து, அது தீர்வதற்குள் மூராவை அடைந்துவிடுகிறார். பின்வரிசைக்காரர்தான் வேகத்தை அடக்கி, கொழுப்பும் கஞ்சியும் களஞ்சியமும் ஒன்றையொன்று தாங்குமாறு பத்து மணி நேரம் குடும்பம் நடத்துகிறார். குளிரில் தாகம் மங்கும் என்பதால் தேவையை நாக்கு சொல்லாது. ஸ்மோகன், மோங்ஸ்புதார்னா, ரிஸ்பெர்க், எவர்ட்ஸ்பெர்க், ஊக்ஸ்பெர்க், ஹோக்பெர்க், எல்ட்ரிஸ் என்று வழியில் உள்ள ஏழு நிலையங்களிலும் நின்று குடித்துப் போவது சோம்பல் அல்ல.

பனி இல்லாமல் 1932, 1934, 1990 ஆகிய ஆண்டுகளில் பந்தயம் நடக்கவில்லை. இப்போது இயந்திரங்களால் பனி செய்து பாதையில் கொட்டி வைக்கிறார்கள். இருபுறமும் பழுப்பு நிறக் காடு, நடுவில் ஒரு வெள்ளை நாடா என்று ஓடும் ஆண்டுகள் வருகின்றன. மனிதர் உடலின் எல்லையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, பனியின் எல்லையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி இதயம். ஒவ்வொருவரின் பெயரும் நேரமும் பதிவாவதாலும், ஸ்வீடனின் மருத்துவப் பதிவேடுகள் முழுமையானவை என்பதாலும், இந்தப் பந்தயம் உலகின் மிகப்பெரிய உடற்பயிற்சி ஆய்வுக்களங்களில் ஒன்றாகிவிட்டது. 1989 முதல் 1998 வரை கலந்துகொண்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த ஆய்வு ஒன்றில், அதே வயதுப் பொதுமக்களில் எதிர்பார்க்கக்கூடிய மரணங்களில் பாதிக்கும் குறைவாகவே இவர்களிடம் நிகழ்ந்திருந்தன. நலமாக இருப்பவர்தான் பந்தயத்துக்கே வருவார் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்கவேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2013இல் வெளிவந்த, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஆய்வு, ஒருமுறை மட்டும் ஓடியவர்களை விட ஐந்து முறையோ அதற்கு மேலோ ஓடியவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு அதிகம் என்றது. வேகமாக ஓடியவர்களிடமும் அதே போக்கு இருந்தது. பல ஆண்டுக் கடும் பயிற்சியில் இதயத்தின் மேலறைகள் விரிவது காரணமாகலாம். அதாவது, ஆபத்து முன்வரிசையின் பக்கம் சாய்கிறது. ஆண்டுக்கொருமுறை மெதுவாகப் போய் வருபவர் பக்கம் அல்ல.

இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பனிச்சறுக்குப் பெண்களுக்கு மேலறைத் துடிப்புக் கோளாறு பொதுமக்களை விடக் குறைவு. பக்கவாதம் இருபாலருக்குமே குறைவு. இதைப் படிக்கும்போது மார்கிட் நூர்தீன் நினைவுக்கு வருகிறார். 1923இல், இரண்டாவது பந்தயத்திலேயே, அவர் 10 மணி 9 நிமிடம் 42 விநாடியில் மூராவை அடைந்தார். அடுத்த ஆண்டே பெண்களுக்குத் தடை வந்தது. இவ்வளவு உழைப்பு பெண் உடலுக்கு ஆகாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. தடை நீங்கியது 1981இல். 57 ஆண்டுகள், ஒரு சான்றும் இல்லாமல், அந்த வாசல் மூடிக் கிடந்தது. திறந்திருந்தால் இன்று நமக்குத் தெரிந்திருப்பது இன்னும் எவ்வளவோ அதிகம்.

கடைசியாக ஓர் ஆய்வு. வாழ்நாள் முழுதும் பனிச்சறுக்கை விடாத, 80 வயதைக் கடந்த ஸ்வீடன் முதியவர்கள் 9 பேரின் உடல் உச்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்து, 2013இல் வெளியிட்டார்கள். முன்னணி இளம் வீரர்களில் சிலருக்கு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 90 மில்லிலிட்டரைத் தாண்டுவது உண்டு. பிறர் உதவியின்றி நடமாடி வாழ, குறைந்தது 17 அல்லது 18 வேண்டும் என்கிறார்கள். நலமாக இருந்தும் பயிற்சி செய்யாத அதே வயது முதியவர்களின் அளவு 21. விளிம்புக்கு மிக அருகில். சறுக்குகிற அந்த 9 பேரின் சராசரி 38.